சிறார் பயன்படுத்தும் திறன்பேசியில் தகாத இணையதளங்களைத் தடுத்தல்: எம்.கே.பி. நகர்ச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சிறார் கையில் உள்ள திறன்பேசியில் தகாத இணையதளங்களைத் தடுப்பதற்குத் தேடுபொறி, கணக்கு, பெயர்த் தீர்வு, சேவை வழங்குநர் என நான்கு நிலைகளில் வழிமுறைகள் உள்ளன. இவ்வழிமுறைகளுள் பல, ஒரு குழந்தைக்கு ஒரு கருவி என்ற எண்ணத்தின் மேல் அமைந்தவை. வடசென்னையின் எம்.கே.பி. நகர் போன்ற உழைக்கும் மக்கள் பகுதிகளில், ஒரே திறன்பேசியைப் பெற்றோரும் பிள்ளைகளும் மாறி மாறிப் பயன்படுத்தும் வீடுகளுக்கு இவ்வெண்ணம் பொருந்துவதில்லை. தடுப்பு முறைகள் செயல்படும் விதம், அவற்றின் எல்லைகள், இந்தியச் சட்டப் பின்புலம், சொல் அடிப்படையிலான வடிகட்டல் தமிழில் எதிர்கொள்ளும் சிக்கல்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பகிர்ந்து பயன்படுத்தும் பேசிக்கு ஏற்ற தடுப்பு எது என்பதையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: திறன்பேசி, சிறார் பாதுகாப்பு, வடிகட்டி, டிஎன்எஸ், எம்.கே.பி. நகர், இடக்கரடக்கல், குழூஉக்குறி, தனியுரிமை.

முன்னுரை

எம்.கே.பி. நகர் எனச் சுருக்கப் பெயரால் வழங்கும் மகாகவி பாரதி நகர், வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், எருக்கஞ்சேரி ஆகிய பகுதிகளை ஒட்டி அமைந்த நெருக்கமான குடியிருப்பாகும். துறைமுகம், சரக்குப் போக்குவரத்து, சிறுதொழிற்கூடம், கட்டுமானம், வீட்டுவேலை எனப் பலவகை உழைப்பை நம்பி வாழும் குடும்பங்கள் இப்பகுதியிலும் இதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் மிகுதி. இத்தகைய குடும்பங்களில் திறன்பேசி பெரும்பாலும் தொழிற்கருவியாகவே வீட்டுக்குள் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது அதே பேசி வகுப்பறையாகவும் ஆயிற்று. பெருந்தொற்று நீங்கிய பின்னும் வீட்டுப்பாடம், பள்ளி அறிவிப்பு, காணொளிப் பாடம் ஆகியன வாட்ஸ்அப் குழுக்கள் வழியே தொடர்கின்றன. ஆகவே, பிள்ளைகளிடம் பேசியைக் கொடுக்காமல் இருப்பது இன்று எல்லாக் குடும்பங்களுக்கும் இயலும் தீர்வாக இல்லை.

சிறார் கல்விக்குத் திறன்பேசி நுழைவாயிலாக அமைந்த நிலையை நாடு தழுவிய தரவுகளும் உணர்த்துகின்றன. ஊரகப் பகுதிகளில் எடுக்கப்பட்ட 2024ஆம் ஆண்டுக்கான ஏசர் கணக்கெடுப்பின்படி, 14 முதல் 16 வயது வரையுள்ளோருள் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தனர். அவர்களுள் கல்வி சார்ந்த பணிக்கு அதனை முந்தைய வாரத்தில் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர். சமூக ஊடகத்திற்குப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர். இக்கணக்கெடுப்பு மாநகரங்களை உள்ளடக்கியதன்று. எனினும், கல்விக்கென்று கொடுக்கப்படும் கருவி கல்வியோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இது சான்றாகும். இப்பின்னணியில், தகாதவற்றைத் தடுப்பது எவ்வாறு, எந்த அளவுக்கு, யார் பொறுப்பில் என்னும் வினாக்கள் எழுகின்றன.

1. ‘தகாதவை’ என்னும் வரையறை

தகாத இணையதளம் என்று பொதுவாகச் சுட்டப்படுவனவற்றை மூவகையாகப் பிரித்துக் காண்பது தெளிவு தரும்.

முதல்வகை, எவருக்கும் சட்டத்தால் விலக்கப்பட்டது. சிறாரைப் பாலியல் நோக்கில் காட்டும் படமும் காணொளியும் இவ்வகையின. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 67ஆ பிரிவும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டமாகிய 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் இவற்றைக் குற்றமாக்குகின்றன.

இரண்டாம்வகை, வயது வந்தோர் தனிமையில் காண்பது தனிக்குற்றமாகக் கருதப்படாமல், சிறாருக்கு மட்டும் ஒவ்வாதது. வயது வந்தோருக்கான பாலியல் தளங்கள் இதனுள் அடங்கும்.

மூன்றாம்வகை, பாலியல் சாராத தீங்கு. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு, தற்காயத்தைத் தூண்டும் பதிவு, கொடூர வன்முறைக் காட்சி, போதைப்பொருள் விற்பனை முதலியன இதில் அடங்கும். தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்தது. 2025ஆம் ஆண்டு விதிமுறைகள் 18 வயதுக்கு உட்பட்டோர் பணம் கட்டி ஆடுவதை விலக்கியதோடு, நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை அவ்விளையாட்டுகளில் நுழைவதையும் தடுத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் விலக்கியது.

இப்பகுப்பு நடைமுறையில் பயனுடையது. முதல்வகையைத் தடுப்பதோடு அமையாமல் புகாரளிக்கவும் வேண்டும். இரண்டாம்வகைக்குத் தடுப்பு அமைப்புகள் ஓரளவு நன்கு பயன்படுகின்றன. மூன்றாம்வகை பெரும்பாலும் தனித்தளமாக இல்லாமல் செயலியாகவும், பொதுத் தளங்களுக்குள் கலந்த பதிவாகவும் வருவதால், தளங்களைத் தடுக்கும் அமைப்புகள் அதனைத் தவறவிடுகின்றன. பெற்றோர் ஒரே அமைப்பால் மூன்றையும் தடுத்துவிட்டதாக எண்ணுவதே முதல் இடர்.

2. சட்டப் பின்புலம்

இந்தியாவில் இணையதளங்களைத் தடுக்கும் அதிகாரம் முதன்மையாக ஒன்றிய அரசிடம் உள்ளது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவும், 2009ஆம் ஆண்டின் தடுப்பு விதிகளும் இதற்கு அடிப்படை. எனினும், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற குறிப்பிட்ட காரணங்களையே அப்பிரிவு கூறுகிறது. சிறாருக்கு ஒவ்வாதவை என்பது அதில் தனிக்காரணமாக இடம்பெறவில்லை.

2015ஆம் ஆண்டு தொலைத்தொடர்புத் துறை 857 தளங்களைத் தடுக்குமாறு சேவை வழங்குநர்களுக்கு ஆணையிட்டது. பட்டியலில் நகைச்சுவைத் தளங்கள் சிலவும் சிக்கியதால் எதிர்ப்பு எழ, சில நாள்களிலேயே அவ்வாணை பெருமளவு தளர்த்தப்பட்டது. 2018இல் உத்தராகண்ட் உயர்நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 827 தளங்கள் மீண்டும் தடுக்கப்பட்டன. பட்டியலிட்டுத் தடுக்கும் முறையின் வலிமையும் குறையும் இவ்விரு நிகழ்வுகளிலும் புலப்படுகின்றன. பட்டியல் நிலையானது, தளங்களோ புதிய முகவரியில் மறுநாளே தோன்றக்கூடியவை.

சென்னை உயர்நீதிமன்றம் இப்பொருளைப் பலமுறை எதிர்கொண்டுள்ளது. 2019 ஏப்ரலில் அதன் மதுரைக் கிளை, சிறார் நலனை முன்னிட்டு டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்திற்கு இடைக்காலத் தடை விதித்து, அம்மாத இறுதிக்குள் அதனை விலக்கிக்கொண்டது. 2020ஆம் ஆண்டு, இணையவழி வகுப்பில் ஈடுபடும் மாணவர் தகாத தளங்களுக்கு இட்டுச்செல்லப்படுகின்றனர் என்ற அச்சத்தை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், வகுப்புகளுக்குத் தடை விதிக்காமல் அரசின் வழிகாட்டுதல்களைப் பின்பற்றுமாறு நீதிமன்றம் அறிவுறுத்தியது. அவ்வாண்டு ஜூலையில் ஒன்றியக் கல்வித் துறை வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டுதல், 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிட அளவில் இரண்டு அமர்வுகளுக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. 2025 டிசம்பரில் மதுரைக் கிளை, 16 வயதுக்கு உட்பட்டோரின் சமூக ஊடகப் பயன்பாட்டை வரையறுக்கும் ஆஸ்திரேலியச் சட்டத்தைப் போன்றதொரு சட்டத்தை ஒன்றிய அரசு பரிசீலிக்கலாம் என்று கருத்துரைத்தது. அச்சட்டம் வரும்வரை விழிப்புணர்வுப் பணியை விரைவுபடுத்த வேண்டும் என்பதும் அந்நீதிமன்றத்தின் அறிவுறுத்தலாகும்.

சிறாரைக் காட்டும் பாலியல் காட்சிகளைப் பற்றி உச்சநீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று அளித்த தீர்ப்பும் இங்குக் கருதத்தக்கது. சென்னையில் தொடங்கிய வழக்கொன்றில் உயர்நீதிமன்றம் கொண்டிருந்த கருத்தை மாற்றிய அத்தீர்ப்பு, அத்தகைய காட்சிகளை வைத்திருப்பதைப் பற்றிய போக்சோ விதிகளை விரிவாக விளக்கியது. ‘குழந்தை ஆபாசப்படம்’ என்னும் சொல்லாட்சி குற்றத்தின் கொடுமையை மறைக்கிறது என்றும், சுரண்டலையும் வன்கொடுமையையும் குறிக்கும் சொல்லே வேண்டும் என்றும் அது கூறியது. பெயரிடுதலே சமூகத்தின் பார்வையைத் தீர்மானிக்கும் என்பதை மொழி ஆய்வாளர் இத்தீர்ப்பிலிருந்து குறித்துக்கொள்ளலாம்.

3. தடுப்பின் நான்கு நிலைகள்

ஒரு பக்கம் திரையில் தோன்றுவதற்கு முன் பயனரின் வேண்டுகோள் பல வாயில்களைக் கடக்கிறது. ஒவ்வொரு வாயிலிலும் ஒருவகைத் தடுப்பை வைக்க இயலும்.

அ) தேடுபொறி நிலை: கூகுள் தேடுபொறியின் பாதுகாப்பான தேடல் என்னும் வசதி, வெளிப்படையான பாலியல் முடிவுகளை வடிகட்டுகிறது. இதில் வடிகட்டுதல், மங்கலாக்குதல், நிறுத்துதல் என மூன்று தெரிவுகள் உள்ளன. மங்கலாக்கும் தெரிவு படங்களை மட்டுமே மறைக்கிறது. எழுத்தும் இணைப்பும் தோன்றக்கூடும். ஆகவே சிறாருக்கு வடிகட்டும் தெரிவே உரியது. யூடியூப் தளத்தில் உள்ள கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறையும் இந்நிலையைச் சார்ந்தது. தளத்தின் முகவரியை நேரடியாகத் தட்டச்சிட்டால் தேடுபொறியின் வடிகட்டி அங்குத் தலையிடாது என்பது இந்நிலையின் எல்லை.

ஆ) கணக்கு நிலை: கூகுள் நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய ஃபேமிலி லிங்க் இவ்வகையில் பரவலானது. பிள்ளைக்கெனத் தனிக்கணக்கு தொடங்கி, அதனைப் பெற்றோர் கணக்குடன் இணைத்தால், குரோம் உலாவியில் எல்லாத் தளங்களையும் அனுமதித்தல், வெளிப்படையான தளங்களைத் தடுக்க முயலுதல், ஒப்புதல் பெற்ற தளங்களை மட்டும் அனுமதித்தல் என்னும் மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். இரண்டாம் தெரிவின் பெயரிலேயே ‘முயலுதல்’ என்னும் சொல் இருப்பது கவனத்திற்குரியது. முழுமையான தடுப்பை நிறுவனமே உறுதி கூறவில்லை. சிறு பிள்ளைகளுக்கு மூன்றாம் தெரிவு உகந்தது. புதிய செயலியை நிறுவப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்னும் அமைப்பும் இதில் உண்டு. குரோமுக்கான வடிகட்டல் பிற உலாவிகளுக்குச் செல்லாது என்பதால், பிற உலாவிகளை நிறுவவிடாமல் தடுப்பது இம்முறையின் இன்றியமையாத பகுதியாகும். ஐபோனில் 2018 முதல் உள்ள திரைநேரம் என்னும் வசதி இதனையொத்த பணியைச் செய்கிறது.

இ) பெயர்த் தீர்வு நிலை: ஒவ்வொரு தளத்தின் பெயரையும் எண் முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு டிஎன்எஸ் எனப்படும். தொலைபேசி எண் விவரத்தொகுப்பைப் போன்றது இது. தகாத தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண்ணைத் தர மறுக்கும் குடும்ப டிஎன்எஸ் சேவைகள் உள்ளன. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் தொடங்கிய 1.1.1.3 என்னும் சேவை, தீநிரல் தளங்களையும் வயது வந்தோருக்கான தளங்களையும் கட்டணமின்றித் தடுக்கிறது. வீட்டு வைஃபை கருவியில் இவ்வெண்ணை இட்டால் அதனுடன் இணையும் கருவிகள் இவ்வடிகட்டலுக்கு உட்படும். ஆனால் பேசி மொபைல் டேட்டாவுக்கு மாறியவுடன் அவ்வடிகட்டல் நீங்கிவிடும். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், அமைப்புகளின் நெட்வொர்க் பகுதியில் தனிப்பட்ட டிஎன்எஸ் என்னும் தெரிவு உள்ளது. அங்கு எண்ணுக்கு மாற்றாகச் சேவையின் பெயர் முகவரியை இட வேண்டும். அவ்வாறு இட்டால் வைஃபை, மொபைல் டேட்டா ஆகிய இரண்டிலும், பெரும்பாலான உலாவிகளில் தடுப்பு தொடரும். டிஎன்எஸ் தளத்தின் பெயரை மட்டுமே அறியும். தளத்திற்குள் உள்ள பக்கத்தை அறியாது. பொதுப் பயன்பாட்டுத் தளமொன்றில் தகாத காணொளி ஒன்று இருப்பின் அதனை மட்டும் பிரித்துத் தடுக்க இயலாது.

ஈ) சேவை வழங்குநர் நிலை: அரசாணையின்படி இணையச் சேவை வழங்குநர்கள் தம் வலைப்பின்னலிலேயே தளங்களைத் தடுக்கின்றனர். இது வயது வேறுபாடின்றி அனைவருக்கும் பொதுவானது. ஒரு வீட்டில் பிள்ளைக்கு ஒருவகையாகவும் பெற்றோருக்கு வேறுவகையாகவும் அமைக்க இதில் இடமில்லை.

4. தடுப்பைக் கடக்கும் வழிகள்

மேற்கண்ட நான்கு நிலைகளையும் கடக்கும் வழிகள் உள்ளன. விபிஎன் எனப்படும் மெய்நிகர் தனியார் பிணையம், பேசிக்கும் வேறொரு கணினிக்கும் இடையே மறையாக்கம் செய்த தடமொன்றை அமைப்பதால், டிஎன்எஸ் தடுப்பும் சேவை வழங்குநர் தடுப்பும் பெரும்பாலும் பயனிழக்கின்றன. செயலிகளுக்குள் அமைந்த உலாவிகள், கணக்கு நிலை வடிகட்டலுக்கு வெளியே இயங்கக்கூடும். வாட்ஸ்அப் செய்திகள் இருமுனை மறையாக்கம் பெற்றவை; அவற்றுள் வரும் காணொளியை எந்த வடிகட்டியும் வழியில் ஆராய இயலாது. தனிப்பட்ட டிஎன்எஸ் அமைப்பைப் பேசியின் கடவெண் அறிந்த பிள்ளை நொடிப்பொழுதில் மாற்றிவிடலாம். இவை யாவும் இல்லையெனினும், தெருமுனையில் நண்பன் கையிலுள்ள பேசிக்கு இவ்வீட்டின் தடுப்பு பொருந்தாது.

தற்செயலாகத் தகாதவற்றில் சென்று விழுவதைத் தடுப்பு அமைப்பு நன்கு குறைக்கிறது. தேடிச் செல்வதை ஓரளவே தடுக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு முதலாவதே பெரிய இடர். பதினைந்து வயதினருக்கு இரண்டாவதும் உண்டு. எனவே வயது உயர உயர அமைப்பின் பங்கு குறைந்து, உரையாடலின் பங்கு கூட வேண்டியதாகிறது.

5. ஒரே பேசி: எம்.கே.பி. நகர்ச் சூழல்

பெற்றோர் கட்டுப்பாட்டு வசதிகள் மூன்று முன்னெண்ணங்களின் மேல் எழுப்பப்பட்டவை. பிள்ளைக்குத் தனிப் பேசி உண்டு என்பது ஒன்று. பெற்றோர் கையில் வேறொரு பேசி எப்போதும் உண்டு என்பது மற்றொன்று. அமைப்புப் பக்கங்களைப் படித்துப் பொருள் கொள்ளும் பயிற்சியும் நேரமும் பெற்றோருக்கு உண்டு என்பது மூன்றாவது. அதிகாலையில் வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் பெற்றோரும், ஒற்றை அறையில் வாழும் குடும்பமும் நிறைந்த பகுதிகளில் இம்மூன்றும் ஒருசேர அமைவது அரிது. எம்.கே.பி. நகரைச் சான்றாகக் கொள்வதன் காரணம் இதுவே. அங்குள்ள பிள்ளைகள் பிற பகுதிப் பிள்ளைகளைவிட மிகுதியாகத் தகாதவற்றை நாடுகின்றனர் என்று கூற எவ்வித அடிப்படையும் இல்லை. வடசென்னையைக் குற்றத்தோடு இணைத்துக் காட்டும் திரைப்பட வழக்கத்தை ஆய்வு நோக்கிலும் மீண்டும் செய்வது பிழையாகும்.

ஒரே பேசியைப் பலர் பகிரும்போது மூன்று சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, கணக்கு பெற்றோருடையது. அக்கணக்கின் வயது முதிர்ந்தோர் வயது. ஆதலால், சிறாருக்கென இயல்பாகவே இயங்கும் பாதுகாப்புகள் அப்பேசியில் இயங்குவதில்லை. இரண்டாவது, பரிந்துரை நிரல் ஆளை அறிவதில்லை, கணக்கையே அறிகிறது. இரவில் பெரியவர் கண்ட காணொளிகளின் சாயலில் மறுநாள் மாலை பிள்ளையின் முன் காணொளிகள் வரிசையிடப்படும். பிள்ளை எதையும் தேடாமலே தகாதது அதன்முன் வந்து நிற்கும். மூன்றாவது, உறவினர், பணியிடத் தோழர் ஆகியோரின் குழுக்களில் வரும் காணொளிகள் பேசியின் படத்தொகுப்பில் தாமே சேமிக்கப்படுகின்றன. பாடத்தின் புகைப்படத்தைத் தேடும் பிள்ளை அத்தொகுப்பையே திறக்கிறது.

இச்சூழலுக்கு ஃபேமிலி லிங்க் போன்ற கணக்கு நிலை அமைப்பு எளிதில் பொருந்தாது. பேசி முழுமைக்கும் பொருந்தும் அமைப்புகளே இங்குப் பயன்தரும். அவற்றைப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்.

முதலில், தனிப்பட்ட டிஎன்எஸ் பகுதியில் குடும்பச் சேவையொன்றை அமைத்தல். இது பேசியைப் பயன்படுத்தும் அனைவருக்கும் பொருந்துவதால், பெரியவர்களின் உடன்பாடு இதற்கு வேண்டும். இரண்டாவதாக, பாதுகாப்பான தேடலை வடிகட்டும் தெரிவிலும், யூடியூபைக் கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறையிலும் வைத்தல். மூன்றாவதாக, வாட்ஸ்அப்பில் ஊடகக் கோப்புகள் தாமே பதிவிறங்குவதையும் படத்தொகுப்பில் தோன்றுவதையும் நிறுத்துதல். நான்காவதாக, யூடியூபில் பார்வை வரலாற்றை இடைநிறுத்துதல். அல்லது பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸ் செயலியை மட்டும் பயன்படுத்துதல். ஐந்தாவதாக, ஆண்ட்ராய்டில் உள்ள செயலியைப் பொருத்தி வைக்கும் வசதி. பாடச் செயலியைத் திறந்து பொருத்தி வைத்துப் பிள்ளையிடம் கொடுத்தால், கடவெண் இன்றி அச்செயலியை விட்டு வெளியேற இயலாதவாறு அமைக்கலாம். ஒரு பேசி மட்டுமே உள்ள வீட்டுக்கு மிகவும் ஏற்ற இவ்வசதி, பெற்றோரிடையே போதிய அளவு பேசப்படுவதில்லை.

இவை அனைத்தையும் ஒருமுறை அமைக்க அரைமணி நேரம் போதும். அதனைக் கற்றுத்தரும் ஆளே இல்லாமை உண்மையான குறை. பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களும், வியாசர்பாடியில் உள்ள டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி போன்ற உயர்கல்வி நிறுவனங்களின் நாட்டுநலப்பணித் திட்ட மாணவரும் இக்குறையை நிரப்ப வல்லவர்கள். பேசிக்கடைக்காரரிடம் கடவெண்ணைக் கூறி அமைப்பை ஒப்படைக்கும் வழக்கத்தைவிட இது பாதுகாப்பானது.

6. தமிழும் சொல்வடிகட்டியும்

தளத்தின் பெயரை அன்றிப் பக்கத்தில் உள்ள சொற்களைக் கொண்டு தடுக்கும் வடிகட்டிகளும் உண்டு. இவை தமிழில் எதிர்கொள்ளும் சிக்கல் தமிழியல் ஆய்வாளரின் தனிக் கவனத்திற்குரியது.

தமிழ் ஒட்டுநிலை மொழி. பெயரும் வினையும் வேற்றுமையும் சாரியையும் ஏற்று உருமாறுகின்றன. முழுச்சொல்லை மட்டும் பட்டியலிட்டால் அதன் திரிந்த வடிவங்கள் தப்பிவிடும். அடிச்சொல்லைப் பட்டியலிட்டால் தொடர்பற்ற சொற்கள் சிக்கும். ‘காமம்’, ‘காமத்து’, ‘காமவெறி’ ஆகியவற்றைப் பிடிக்கக் ‘காம’ என்னும் பகுதியைத் தடுத்தால், காமராசர் வாழ்க்கை வரலாறும் மஞ்சட்காமாலைக்கான மருத்துவக் குறிப்பும் தடைபடும். திருக்குறளின் மூன்றாம் பாலாகிய காமத்துப்பாலின் 25 அதிகாரங்களும் 250 குறட்பாக்களும் அவ்வடிகட்டிக்குத் தகாதவையே. உடலுறுப்புப் பெயர்களைப் பட்டியலிட்டால் அகத்திணைப் பாடல்களும் சிற்றிலக்கியங்களும், மார்பகப் புற்றுநோய் பற்றிய அறிவிப்புகளும் ஒருங்கே மறையும். சங்க இலக்கியத்தில் இயல்பாக வழங்கிய சொல் இக்காலத்தில் அவையில் கூறத்தகாததாக மாறியிருப்பதும், முற்காலத்தில் விரிந்த பொருளுடைய சொல் இன்று சுருங்கிய பொருளில் வழங்குவதும் சொற்பொருள் மாற்றத்தின் விளைவுகள். வடிகட்டி இவ்வரலாற்றை அறியாது.

மறுபுறம், தகாதவற்றைக் குறிக்கும் சொற்கள் தமிழ் எழுத்திலேயே வருவதில்லை. இளைஞர் தமிழை உரோமன் எழுத்தில் எழுதும் வழக்கில் நிலைத்த எழுத்துக்கூட்டு இல்லை. ழகரத்தை ஒருவர் ஓர் எழுத்தாலும் மற்றொருவர் ஈரெழுத்தாலும் எழுதுகின்றனர். நெடிலை ஒருவர் இரட்டித்து எழுத, மற்றொருவர் குறிலாகவே விடுகிறார். ஒரே சொல் பல வடிவங்களில் உலவுவதால் பட்டியல் எப்போதும் பின்தங்கியே நிற்கும்.

மரபிலக்கணம் இங்கு எதிர்பாராத தெளிவைத் தருகிறது. அவையில் கூறத்தகாத சொல்லை மறைத்துக் கூறுவதைத் தொல்காப்பியம் அவையல்கிளவி பற்றிய விதியில் கூறுகிறது. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. இடக்கரடக்கலும் குழூஉக்குறியும் சொல்லின் வெளிவடிவுக்கும் உட்பொருளுக்கும் இடையே திட்டமிட்ட இடைவெளியை உண்டாக்குகின்றன. முன்னது நாகரிகம் கருதியது. பின்னது குழுவுக்குள் மறைபொருள் காப்பது. தகாத உள்ளடக்கத்தைப் பரிமாறும் இணையக் குழுக்கள் பழம், உணவு, ஊர்ப்பெயர், உணர்வுக்குறிப்படம் ஆகியவற்றைக் குறியீடாக்கிக்கொள்வது குழூஉக்குறியின் இக்கால வடிவமே. சொல்லை மட்டும் நோக்கும் கருவி, பொருளை மறைக்கவே பிறந்த வழக்கைப் பிடிக்க இயலாமை வியப்பன்று. தமிழுக்குரிய உள்ளடக்க வகைப்பாட்டை உருவாக்குவதில் கணினி மொழியியலாரும் இலக்கண ஆய்வாளரும் இணைந்து பணியாற்ற வேண்டிய தேவை இதனால் விளங்கும்.

7. தடுத்தலும் கண்காணித்தலும்

தடுத்தல் வேறு, கண்காணித்தல் வேறு. தகாத தளத்தின் கதவை மூடுவது தடுத்தல். பிள்ளை யாரிடம் பேசுகிறது, எதைத் தேடுகிறது, எங்குச் செல்கிறது என்பவற்றை நோக்கிக்கொண்டே இருப்பது கண்காணித்தல். சந்தையில் உள்ள பல செயலிகள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்கின்றன. அத்தகைய செயலிக்குப் பிள்ளையின் செய்தி, இருப்பிடம், படம் அனைத்தையும் அணுகும் உரிமை வழங்கப்படுகிறது. அத்தரவு எங்குச் சேர்கிறது என்பதைப் பெற்றோர் அறிய இயலாத நிலையில், பாதுகாப்பின் பெயரால் புதிய இடர் நுழைகிறது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. சிறாரின் நடத்தையைப் பின்தொடர்தலையும் அவர்களைக் குறிவைத்த விளம்பரத்தையும் விலக்குகிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

சிறாரும் உரிமையுடையோரே. இந்தியா 1992இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தீங்கிலிருந்து பாதுகாப்பையும் தகவல் பெறும் உரிமையையும் தனியுரிமையையும் ஒருங்கே கூறுகிறது. அவ்வுடன்படிக்கையின் குழு 2021இல் வெளியிட்ட 25ஆம் பொதுக் கருத்துரை, எண்மச் சூழலுக்கு இவ்வுரிமைகளை விரித்துரைத்தது. கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில், கல்லூரி விடுதியில் மாணவியரின் பேசிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திய வழக்கில், இணையத்தை அணுகுதல் கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் இணைந்தது எனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு வயது வந்த மாணவியரைப் பற்றியது. எனினும் பாதுகாப்பு என்னும் காரணம் பெண்களின் கல்வி வாயிலை எளிதில் அடைத்துவிடும் என்பதை அது உணர்த்துகிறது. அண்ணனிடம் தவறு கண்டால் கண்டிப்பதும், தங்கையிடம் ஐயம் எழுந்தாலே பேசியைப் பறிப்பதும் பல வீடுகளின் வழக்கம். மாதவிடாய், பருவ மாற்றம், தகாத தொடுதல் பற்றிய செய்திகளையும் அளவுமீறிய வடிகட்டல் மறைத்துவிட்டால், உதவி மிகவும் தேவைப்படும் பிள்ளைக்கே வழி அடைபடும்.

இதனால் பெறப்படும் நெறி ஒன்று உண்டு: தகாதது ஒன்றைக் கண்ட பிள்ளை அதனை அஞ்சாமல் வீட்டில் கூறும் நிலை இருத்தல் வேண்டும். கூறினால் பேசி பறிபோகும் என்னும் அச்சம் உள்ள வீட்டில், மிரட்டலுக்கு ஆளான பிள்ளை மௌனம் காக்கும். மிரட்டுவோரின் வலிமை அம்மௌனமே. சிறார் உதவிக்கு 1098, இணையக் குற்றங்களுக்கு 1930 என்னும் எண்கள் உள்ளன. சிறாரைப் பாலியல் நோக்கில் காட்டும் காட்சி எவ்வழியில் வந்தாலும் பிறருக்கு அனுப்பாமல் உடனே காவல்துறைக்கோ இணையக் குற்றப் புகார் தளத்துக்கோ தெரிவித்தல் கடமை. எச்சரிப்பதற்காக அனுப்புவதும் பரப்புதலே.

முடிவுரை

தகாத இணையதளங்களைத் தடுக்கும் வசதிகள் பெரும்பாலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆயினும் அவை எல்லா வீடுகளுக்கும் ஒரே அளவில் பயன்படுவதில்லை. தனிப் பேசி உள்ள பிள்ளைக்குக் கணக்கு நிலை அமைப்பும், பகிர்ந்து பயன்படுத்தும் பேசிக்குத் தனிப்பட்ட டிஎன்எஸ், செயலியைப் பொருத்துதல், ஊடகப் பதிவிறக்கத்தை நிறுத்துதல் ஆகிய பேசி நிலை அமைப்பும் ஏற்றவை என்பது இக்கட்டுரையின் முதல் முடிபு. தடுப்பு தற்செயல் நேர்வுகளைக் குறைக்குமே அன்றித் தேடலை முற்றாக நிறுத்தாது. பதின்பருவத்தினருக்கு உரையாடலே முதன்மை என்பது இரண்டாவது. சொல் அடிப்படையிலான வடிகட்டல் தமிழில் மிகையாகவும் குறையாகவும் பிழைபடுவதால், தமிழின் சொல்லமைப்பையும் வழக்கையும் அறிந்த வகைப்பாடு தேவை என்பது மூன்றாவது.

எம்.கே.பி. நகர் போன்ற பகுதிகளில் பகிர்பயன்பாட்டுப் பேசியின் உண்மை நிலையைக் கள ஆய்வால் அறிதல், பெற்றோருக்கான எளிய தமிழ் வழிகாட்டிகளை உருவாக்குதல், தமிழ்ப் பக்கங்களை வடிகட்டிகள் எவ்வாறு வகைப்படுத்துகின்றன என்பதை முறையாகச் சோதித்தல் ஆகியன மேலாய்வுக்கு உரியன. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த வயது வரம்புச் சட்டத்தைப் போன்றது இந்தியாவிலும் வருமாயின், ஒரே பேசியைப் பகிரும் குடும்பத்தில் வயதை எவ்வாறு சரிபார்ப்பது என்னும் வினா முதலில் எழும். அவ்வினாவுக்கான விடையை இப்பகுதிகளின் வாழ்க்கைச் சூழலிலிருந்தே தேட வேண்டியிருக்கும்.